கரையேறிய குர்சுரா

1969 டிசம்பர் 18 அன்று, பால்டிக் கடலோரத்து ரீகா துறைமுகத்தில், சோவியத் நாட்டில் கட்டிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கொடி ஏறியது. ஐ.என்.எஸ். குர்சுரா என்று அதற்குப் பெயர். நம் கடற்படை வாங்கிய கல்வரி வகுப்புக் கப்பல்கள் நான்கில் ஒன்று. நீளம் 91 மீட்டர், உள்ளே 75 பேர். டார்பிடோ எய்யும் குழாய்கள் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு.

1970 பிப்ரவரியில் குர்சுரா இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1967 அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்றி வர வேண்டியிருந்தது. சுவீடனின் கோத்தன்பர்க், ஸ்பெயினின் லா கொருன்யா, கானாவின் தகோராடி, மொரீஷியஸ் என்று துறைமுகம் துறைமுகமாகத் தொட்டு வந்தது. நீர்மூழ்கி என்றாலும் எப்போதும் நீருக்குள்ளேயே இருந்துவிட முடியாது. நீருக்கடியில் அதை ஓட்டுவது பேட்டரி. பேட்டரிக்கு மின்னேற்ற டீசல் எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும். மூச்சுக்குழாயை நீட்டும் அளவுக்காவது மேலே வந்தே தீர வேண்டும். எதிரி கண்ணில் படக்கூடிய வேளையும் அதுதான்.

1971 நவம்பரில், பாகிஸ்தானுடன் போர் நெருங்கிய நாட்களில், குர்சுரா அரபிக் கடலில் ரோந்து போனது. குறிப்பிட்ட கப்பல் தடங்களைத் தாண்டக் கூடாது; எதிரிக் கப்பல்தான் என்று ஐயமறத் தெரியாமல் தாக்கக் கூடாது. இந்த இரண்டு கட்டுப்பாடுகளோடு போய், எந்தக் கப்பலையும் மூழ்கடிக்காமல் திரும்பியது. இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. வழியில் போகும் வணிகக் கப்பலையும் அதில் இருப்பவர்களையும் காக்க வந்த கட்டுப்பாடு அது. அதை மீறாமல் இருளில் காத்துக் கிடப்பதும் போர்த்தொழிலில் ஒரு பெரிய கடமை.

அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இன்னொரு நீர்மூழ்கி சுற்றிக்கொண்டிருந்தது. அது பாகிஸ்தானின் காஸி. 1944இல் அமெரிக்கா கட்டிய கப்பல். அங்கே டியாப்லோ என்ற பெயரில் இருந்து, 1964இல் பாகிஸ்தானுக்கு வந்தது. அது தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. சென்னையில் நின்றிருந்த விக்ராந்தை, கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் சந்தடியில்லாமல் அந்தமானுக்கு அனுப்பிவிட்டார். நாகர்கோவிலில் பிறந்தவர் அவர். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கொண்டு, விக்ராந்த் விசாகப்பட்டினம் பக்கம் இருப்பது போலக் கம்பியில்லாச் செய்திகளை அனுப்ப வைத்தார். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்கிறது இந்தியக் கடற்படை. உள்ளேயே நேர்ந்த வெடிப்பால் மூழ்கியது என்கிறது பாகிஸ்தான். இரு தரப்பும் மறுக்காத செய்தி ஒன்று உண்டு: உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

போர் முடிந்த சில ஆண்டுகளில் குர்சுராவுக்கு ஒரு சோதனைக் காலம் வந்தது. 1975 முதல் அது கடலுக்குப் போகவில்லை. உதிரிபாகத் தட்டுப்பாட்டில், அதன் உறுப்புகளைக் கழற்றி வாக்லி என்ற இன்னொரு நீர்மூழ்கிக்குப் பொருத்தினார்கள். 1980இல் பழுதுபார்ப்பு தொடங்கியது. மறுபடி முழுப் பணிக்குத் திரும்பியபோது 1985 ஆகியிருந்தது. 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெறும்வரை அது ஓடிய தூரம் 73,500 கடல் மைல். பூமியை மூன்று சுற்றுச் சுற்றியதற்கும் மேல்.

பொதுவாக ஓய்வு பெற்ற கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிடுவார்கள். குர்சுராவை இழுத்து வந்து விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்தினார்கள். அதற்கு ஒன்றரை ஆண்டும் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆயின. 2002 ஆகஸ்டில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே, 1971 போரின் நினைவாக 1996இல் எழுப்பிய ‘கடல் வெற்றி’ நினைவுச் சின்னம் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் 2017 முதல் ஒரு டியு-142 விமானம் நிற்கிறது. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென்றே கட்டிய அந்த விமானம், நம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்தது.

அக்கா குடும்பத்தோடு நானும் அங்கே போயிருந்தேன். படியேறி உள்ளே நுழைந்ததும் அக்கா மகன் கேட்டான்: “மாமா, ஜன்னலே இல்லியா?” இல்லை என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வட்டக் கதவுகளில் அவன் எளிதாக நுழைந்தான். அத்தான் உடம்பை மடக்கி நுழைந்தார். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை. இரண்டு பேர் நின்றாலே இடிக்கும் சமையலறை. தலைக்கு மேலும் கைக்குப் பக்கத்திலும் குழாய்கள், திருகுகள், அளவுமானிகள். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற கடற்படை வீரர். குடிக்கவும் சமைக்கவும்தான் நல்ல தண்ணீர், நாள்கணக்கில் குளியல் கிடையாது என்று சொன்னார். பையன் யோசித்துவிட்டு, “அவங்க அம்மாகிட்ட எப்படிப் பேசுவாங்க?” என்றான். “திரும்பி வந்தப்புறம்தான் பேசணும்” என்றார் அவர்.

வெளியே வந்து நினைவுச் சின்னத்தின் முன் நின்றபோது காஸியைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். “அவங்களும் இதே மாதிரி உள்ளதான் இருந்தாங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். எதிரி என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அந்த 93 பேரும் இதே போன்ற குறுகிய வழியில் நடந்து, இதே போன்ற படுக்கையில் படுத்தவர்கள் என்பது உள்ளே போய் வந்த பிறகே விளங்குகிறது. வெற்றியைக் கொண்டாடும் சின்னமும் அந்த வெற்றிக்கு மனிதர்கள் கொடுத்த விலையைக் காட்டும் கப்பலும் அருகருகே இருப்பது விசாகப்பட்டினத்தின் பேறு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் பிள்ளைகளை அழைத்து வந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டவரான நமக்கும் இப்படியொரு கப்பலைக் கரையேற்றும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. குர்சுராவின் உறுப்புகளை வாங்கிக்கொண்ட அதே வாக்லி, 2010இல் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கும் திட்டத்தோடு சென்னைத் துறைமுகம் வரை கொண்டு வந்தார்கள். பிறகு திட்டம் கைவிடப்பட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும், கடற்படைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களும் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், எதைத் தாங்கினார்கள் என்று பார்க்க நம் மண்ணில் ஒரு கப்பல் இல்லை. அடுத்து ஒரு நீர்மூழ்கி ஓய்வு பெறும்போது தமிழ்நாடு அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பின் கைவிடாமல் கரையேற்றவும் வேண்டும்.