கெய்ரோவில் அளக்கப்பட்ட இரண்டு அறைகள்

1964 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எகிப்தின் கெய்ரோ நகரிலுள்ள கட்டட ஆய்வு மையத்தில் சில மாதிரிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டு, அவற்றின் உள்வெப்பம் இரவும் பகலும் அளக்கப்பட்டது. அவற்றுள் இரண்டைக் காண்போம். ஒன்று, 50 சென்டிமீட்டர் கனமுள்ள சுடாத மண்கல் சுவர்களும் வளைகூரையும் கொண்டது. மற்றொன்று, 10 சென்டிமீட்டர் கனமுள்ள வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் ஆனது.

மண் அறையின் வெப்பநிலை 24 மணி நேரமும் 21 முதல் 23 பாகை செல்சியசுக்குள் நின்றது. கான்கிரீட் அறையோ 36 பாகையைத் தொட்டது. அது வெளிக்காற்றைவிட 9 பாகை அதிகம். வெயிலுக்கு ஒதுங்க உள்ளே சென்றவர், வெளியே நிற்பதே மேல் என்று திரும்பியிருப்பார்!

காரணம் எளியது. மெல்லிய கான்கிரீட் வெயிலை உறிஞ்சி விரைவில் உள்ளே கடத்திவிடுகிறது. கனத்த மண்சுவரைக் கடக்க வெப்பத்திற்குப் பல மணி நேரம் தேவை. அதற்குள் பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்துவிடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உறங்குவோருக்கு, இஷாவுக்குப் பின்னரும் கூரையிலிருந்து அனல் இறங்குவதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவைகளைத் தம் நூலில் எடுத்துரைத்தவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989). கான்கிரீட்டை முன்னேற்றமாகவும் மண்ணை வறுமையாகவும் கருதிய காலத்தில், லக்சருக்கு எதிர்க்கரையில் புதிய குர்னா என்னும் சிற்றூரை மண்கல்லாலேயே கட்டியவர். ஆயினும் பழைய குர்னா மக்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர மறுத்தனர். குளுமை மட்டுமே ஒரு வீட்டை வீடாக்கிவிடாது போலும்.

அவர் பெரிதும் போற்றியது, 14 ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் கட்டப்பட்ட முஹிப்புத்தீன் மாளிகையின் கூடத்தை. அதன் கூரைக்கு மேல் ‘மல்கஃப்’ எனும் காற்றுக்கூண்டு எழுந்து நிற்கிறது. வடதிசைக் காற்றை உயரத்திலேயே வாங்கிக் கூடத்திற்குள் இறக்குவது அதன் பணி. சூடேறிய காற்று நடுக்கூடத்தின் உயர்ந்த கூரைத் திறப்புகள் வழியே வெளியேறும். மின்சாரம் நின்றால் செயலற்றுப்போகும் கருவி எதுவும் அதில் இல்லை.

இவற்றை அப்படியே நம் கடற்கரை ஊர்களில் நகலெடுப்பது பேதைமை. கெய்ரோவில் காற்று உலர்ந்தது, இரவு குளிர்ந்தது. நம் புழுக்கம் வேறு. நாம் கொள்ளத்தக்கது, அவர்கள் அளந்து பார்த்த முறையையே.

குளிர்நாடான இங்கிலாந்தும் 2022 ஜூன் 15 முதல் புதிய குடியிருப்புகளுக்கு இதனை விதியாக்கியுள்ளது. அங்குள்ள கணிப்பு முறைகளுள் ஒன்றின்படி, படுக்கையறையில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான நேரத்தில், ஆண்டு முழுவதும் சேர்த்து 32 மணி நேரத்திற்கு மேல் வெப்பம் 26 பாகையைத் தாண்டலாகாது. இக்கணிப்பு வரைபட நிலையிலேயே, கணினியில் செய்யப்படுகிறது. திருட்டுப் பயத்தாலோ தெரு இரைச்சலாலோ இரவில் மூடிக்கிடக்கும் சன்னலைத் திறந்திருப்பதாகக் கணக்கில் காட்டவும் அவ்விதி இடந்தருவதில்லை.