கண்ணின் மேற்பரப்பு நோய்களில் அழற்சியும் நோய் எதிர்ப்பும்

கண் மருத்துவத்தில் கண்ணின் மேற்பரப்பு என்பது ஒரு கூட்டுக் குடும்பம். முன்னால் பளிங்குபோல் தெரியும் கருவிழி, அதன்மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம், வெள்ளைவிழியைப் போர்த்தி இமையின் உட்புறம் வரை மடிந்து செல்லும் இமையிணைப்படலம், இமை விளிம்பில் வரிசையாக அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகள், கண்ணீர்ச் சுரப்பி, இவற்றை மூளையோடு இணைக்கும் நரம்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அது. ஒன்று கெட்டால் மற்றவையும் நாளடைவில் கெடும். இந்தப் பரப்பைத் தாக்கும் நோய்கள் கிருமியால் தொடங்கலாம். மகரந்தத் தூள், காய்ச்சல் மாத்திரை, மூட்டுவாதம், வறண்ட காற்று என வேறு காரணங்களாலும் தொடங்கலாம். தொடக்கம் எதுவானாலும், பார்வை கெடுவதில் பெரும்பங்கு உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கிளப்பும் அழற்சிக்கே உண்டு.

தோலில் பட்ட காயம் ஆறித் தழும்பானால் யாரும் பொருட்படுத்துவதில்லை. கருவிழியில் அப்படி விட்டுவிட முடியாது. அதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. கொலாஜன் இழைகள் ஒரே சீராக அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. கிருமியைத் துரத்தி வரும் வெள்ளையணுக்கள் உமிழும் நொதிகள் கிருமியை அழிப்பதோடு இந்த இழைகளையும் அரித்துவிடுகின்றன. ஆறிய இடத்தில் புதிதாக வளரும் இழைகள் பழைய ஒழுங்குக்குத் திரும்புவதில்லை. கண்பாப்பாவுக்கு நேர் எதிரே இரண்டு மில்லிமீட்டர் வெண்தழும்பு விழுந்தாலே பேருந்தின் எண்ணைப் படிப்பது திண்டாட்டம்தான்.

அதனால் இந்தப் பரப்பு, கூடியவரை சண்டையே மூளாமல் காவல் காக்கும்படி அமைந்திருக்கிறது. கண்ணீரில் லைசோசைம், லாக்டோஃபெர்ரின், ஐஜிஏ வகை எதிர்ப்புரதங்கள் எப்போதும் இருக்கும். லைசோசைமைக் கண்டறிந்தவர் பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங். சளி பிடித்திருந்தபோது தம் மூக்குச் சளியில் அதன் வேலையைக் கவனித்த அவர், பிறகு ஆய்வகத்தில் இருந்தவர்களின் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து கண்ணீர் சேகரித்தார். 1922இல் ஆய்வுரை வெளியானது. எரிச்சலில் தவித்த அந்த உதவியாளர்களுக்கும் அறிவியல் வரலாற்றில் ஓரமாக ஓர் இடம் உண்டு.

கருவிழிக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. 1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் நாட்டின் ஓலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வையிழந்த ஒரு தொழிலாளிக்கு ஒரு சிறுவனின் கருவிழியைப் பொருத்தினார். பொருத்திய இரு கண்களில் ஒன்றில் பார்வை நிலைத்தது. எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாத காலம் அது. சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்றிப் பொருத்த 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் ஒத்த இரட்டையர்களுக்கு இடையில்தான் கைகூடியது. இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இல்லாததால் கருவிழியை நோய் எதிர்ப்பு அணுக்கள் எளிதில் அணுகுவதில்லை. உள்ளே வரும் டி அணுக்களை மடியச் செய்யும் புரதமும் அங்கே உண்டு.

குழாய்கள் ஏன் உள்ளே வளர்வதில்லை என்ற கேள்விக்கு 2006இல் பாலமுரளி அம்பாட்டியும் சக ஆய்வாளர்களும் விடை கண்டனர். குழாய் வளரத் தூண்டும் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஓர் ஏற்பியைக் கருவிழியே சுரக்கிறது. அமெரிக்கக் கடற்பசுவான மனாட்டியின் கருவிழியில் அந்த ஏற்பி இல்லை. அதன் கருவிழியில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதன் நெருங்கிய உறவான ஆவுளியாவின் கருவிழியோ தெளிவாக இருக்கிறது. நம் பாக் நீரிணையில் கடற்புல் மேய்வது இந்த ஆவுளியாதான். கடும் அழற்சி வந்தால் மனிதக் கண்ணிலும் இந்தத் தடை உடைந்துபோகும். குழாய் படர்ந்த கருவிழியில் கண் தானத்தால் கிடைத்த கருவிழியைப் பொருத்தினால், உடல் அதை அந்நியம் என்று கண்டுகொண்டு நிராகரிக்கும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

கிருமி போன பின்னும் அழற்சி பார்வையைக் கெடுப்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் மெட்ராஸ் ஐ. 1918 வாக்கில் சென்னையில் பரவிய கண்நோயை வைத்து வந்த பெயர் அது. இன்று அதற்கு அடினோ வைரஸ்கள் முக்கியக் காரணம் என்று தெரியும். கண் சிவந்து, பீளை தள்ளி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். சிலருக்கு அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். சிவப்பு போன பின் பார்வை மங்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசும். பிளவு விளக்கு நுண்ணோக்கியில் பார்த்தால் கருவிழியின் மேலடுக்குக்குக் கீழே சில்லறைக் காசுகளை இறைத்ததுபோல் வட்ட வட்டமாக வெண்புள்ளிகள் தெரியும். அங்கே மிஞ்சிக் கிடக்கும் வைரஸ் புரதங்களைச் சுற்றி வெள்ளையணுக்கள் கூடியதன் அடையாளம் அவை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு போட்டால் மறையும், நிறுத்தினால் பல நேரம் திரும்ப முளைக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே கரைந்துபோவதால், பார்வையை அதிகம் கெடுக்காத புள்ளிகளை மருத்துவர்கள் சீண்டுவதில்லை.

கிருமியும் அழற்சியும் ஒரே நேரத்தில் கருவிழியைத் தின்னும்போது முடிவெடுப்பது கடினம். கருவிழிப் புண் அப்படிப்பட்டது. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. கதிர் அடிக்கையில் தெறிக்கும் உமி, கரும்புச் சோகை, மாட்டின் வால் வீச்சு என்று வயல்வெளியில் கண்ணில் கீறல் விழ வழிகள் ஏராளம். இங்கே இந்தப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருபவை.

பாக்டீரியாப் புண்ணில் கிருமி செத்த பின்னும் அழற்சி ஓய்வதில்லை. அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் தழும்பு குறையுமா, அல்லது கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகுமா? கண் மருத்துவர்கள் பல்லாண்டுகளாக இரு கட்சியாகப் பிரிந்து வாதாடிய கேள்வி இது. விடை தேடும் பெரிய ஆய்வு முக்கியமாக அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, திருநெல்வேலிக் கிளைகளில்தான் நடந்தது. 500 நோயாளிகளுக்கு முதல் இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு சொட்டும், மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாப் போலிச் சொட்டும் சேர்க்கப்பட்டன. 2012இல் முடிவு வெளியானது: மூன்று மாதக் கடைசியில் இரு அணிகளின் பார்வையிலும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆனால், கண்முன் நீட்டிய விரல்களை எண்ணத்தான் முடியும் என்ற அளவுக்கோ அதைவிட மோசமாகவோ பார்வை போயிருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஓரளவு கைகொடுத்தது. நோகார்டியா என்ற பாக்டீரியாவால் வந்த புண்ணில் தழும்பைப் பெரிதாக்கியது. இரு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பூஞ்சைப் புண்ணில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஸ்டீராய்டு பட்டால் பூஞ்சை ஆழமாக இறங்கிவிடும். கண் சிவப்புக்கு மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருப்பதால், முதல் நாள் சிவப்பு குறைந்து, பத்தாம் நாள் கருவிழி ஓட்டையாகி வருவோரைத் தென்னிந்தியக் கண் மருத்துவமனைகள் வாடிக்கையாகப் பார்க்கின்றன. ஹெர்பெஸ் வைரஸிலோ இரண்டு முகமும் உண்டு. கருவிழியின் மேல்தோலில் மரக்கிளைபோல் புண் படரும் கட்டத்தில் ஸ்டீராய்டு தீங்கு செய்யும். அதே வைரஸ் நடு அடுக்கில் எதிர்ப்பாற்றலைக் கிளறி வீக்கத்தை உண்டாக்கும் கட்டத்தில், வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பாதுகாப்போடு ஸ்டீராய்டுதான் தேவைப்படுகிறது. 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதை உறுதிசெய்தது.

கிருமியே இல்லாமல் மூளும் சண்டைகளில் முதல் வரிசையில் நிற்பது ஒவ்வாமை. வெப்பமும் புழுதியும் உள்ள நாடுகளில் பள்ளிச் சிறுவர்களை வாட்டும் வெர்னல் அழற்சி அதன் கடுமையான வடிவம். பையன்களுக்குத்தான் அதிகம். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள்; நூல்போல் நீளும் வெண்பீளை வரும். மேலிமையைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் கூழாங்கல் பாவிய தரைபோல் பெரிய பெரிய முடிச்சுகள். அங்கே குவிந்திருக்கும் ஈசினோஃபில் அணுக்கள் உமிழும் புரதம் கருவிழியின் மேல்தோலுக்கு நஞ்சு. அது உரிந்து கேடய வடிவில் புண்ணாகும். பருவ வயது தாண்டும்போது நோய் பெரும்பாலும் தானே விலகிவிடும். அதுவரை கண்ணைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஓயாத கசக்கலால் கருவிழி கூம்பிப்போகலாம். நிவாரணம் கிடைக்கிறதே என்று மாதக்கணக்கில் கண்காணிப்பில்லாமல் ஸ்டீராய்டு விட்ட பிள்ளைகளுக்குக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே பட்டுப்போவதும் உண்டு. அரிப்பு வரும், போகும். பட்ட நரம்பு துளிர்ப்பதில்லை. அதனால் கடுமையான நோயில் இப்போது டாக்ரோலிமஸ் களிம்பும் சைக்ளோஸ்போரின் சொட்டும் ஸ்டீராய்டின் இடத்தைப் பிடித்துவருகின்றன.

கண் வறட்சியில் அழற்சியின் பங்கு வெகுகாலம் கண்ணில் படாமலே இருந்தது. ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் 19 பெண்களின் வறண்ட கண்களை ஆராய்ந்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவாதமும் இருந்ததைக் கவனித்து, இது உடல் முழுவதற்குமான நோய் என்றார். பல்கலைக்கழகம் ஆய்வேட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் தரவில்லை. கல்விப் பணிக்கான கதவு அடைபட்டது. உடலின் டி அணுக்களும் பி அணுக்களும் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும் அந்த நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. சாதாரண வறட்சியைப் பொறுத்தவரை, கண்ணீர் குறைவு அல்லது அதிகம் ஆவியாதல் என்பதோடு மருத்துவம் நிறுத்திக்கொண்டது. பன்னாட்டு வல்லுநர் குழு தந்த வரையறையில் அழற்சி இடம்பெற்றது 2007இல்தான்.

நடப்பது இதுதான். கணினித் திரையை வெறிக்கும்போது இமைப்பது குறைகிறது. இமைச் சுரப்பிகள் அடைபட்டால் எண்ணெய் அடுக்கு மெலிகிறது. கண்ணீர் ஆவியாகி உப்பின் செறிவு ஏறுகிறது. லிட்டருக்கு 308 மில்லிஆஸ்மோலைத் தாண்டினால் வறட்சி என்று கொள்வார்கள். அந்த உப்பு மேல்தோல் செல்களை அலறவைக்கிறது. அவை இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. டி அணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றின் தாக்குதலில் சளி சுரக்கும் செல்கள் மடிய, கண்ணீர் கருவிழியில் ஒட்டாமல் இன்னும் விரைவாக உடைகிறது. உப்பு மேலும் ஏறுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவருக்கு வெறும் செயற்கைக் கண்ணீர் அரை மணி நேர ஆறுதல்தான். கண்ணீரை அளக்கும் ஷிர்மரின் தாள் பட்டையைக் கீழிமையில் செருகி ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், சிலருக்கு ஈரம் ஐந்து மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் நின்றிருக்கும்.

சுழலை அறுக்கும் மருந்து வந்த வழி சுவையானது. நார்வேயின் ஹார்டங்கர் மேட்டுநிலத்தில் 1969இல் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது; உறுப்பு மாற்று மருத்துவத்தின் போக்கையே அது மாற்றியது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனி காஸ்வான், வறண்ட கண்களோடு வரும் நாய்களுக்கு அதைக் கண்ணில் இட்டுப் பார்த்தார். நாய்களுக்குக் கண்ணீர் சுரந்தது. நாய்க்கான களிம்பு முதலில் கடைக்கு வந்தது, மனிதருக்கான 0.05 சதவீதச் சொட்டு மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2002 டிசம்பரில்தான் கிடைத்தது. விட்டதும் எரியும், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். பாதியில் கைவிடுவோர் அதிகம். டி அணுக்கள் திசுவைப் பற்றிக்கொள்ளும் பிடியைத் தளர்த்தும் லிஃபிடெக்ராஸ்ட் 2016இல் வந்தது.

உடலின் வேறெங்கோ நடக்கும் போரும் இங்கே எதிரொலிக்கும். முடக்குவாதக்காரரின் கருவிழி விளிம்பு பிறைபோல் உருகத் தொடங்கினால், இரத்த நாளங்களெங்கும் அழற்சி பரவியிருக்கிறது என்று பொருள். சொட்டு மருந்து போதாது, உடல் முழுவதற்கும் எதிர்ப்பை அடக்கும் மருந்து தேவை. குழந்தையின் கருவிழி ஓரத்தில் சிறு வெண்கொப்புளம் தோன்றினால் மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: காசநோய்க் கிருமியின் புரதத்துக்கு உடல் காட்டும் மிகையுணர்வாக அது இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கூட்டு. 1922இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், காய்ச்சலும் கொப்புளமும் கண்ணழற்சியும் கண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். சல்ஃபா மருந்து, வலிப்பு மருந்து, சில வலிநிவாரணிகள் போன்ற மருந்துகளைத் தம் எதிரியாகத் தவறாகக் காணும் டி அணுக்கள், சொந்தத் தோலையும் சவ்வுகளையும் கொல்வதால் வருவது இது. கார்பமசெபைன் மாத்திரையைப் பொறுத்தவரை எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ள ஆசியர்களுக்கு ஆபத்து மிகுதி என்பதால், மாத்திரை தொடங்கும் முன் அதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். முதல் சில நாட்களிலேயே பனிக்குடச் சவ்வால் கண்ணைப் போர்த்தினால் சேதம் வெகுவாகக் குறைகிறது. அந்த நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரைக் காப்பதிலேயே எல்லார் கவனமும் இருப்பதால் கண் பின்னுக்குப் போய்விடுகிறது. உயிர் பிழைத்த பின் தெரியவரும்: கருவிழி விளிம்பின் மூலச்செல்கள் அழிந்து, இமை கண்ணோடு ஒட்டி, கண்ணீர் வற்றி, கருவிழிமேல் தோல் போன்ற படலம் மூடியிருக்கும்.

அந்தப் பாலையில் தானக் கருவிழி நிலைக்காது. கடைசி வழியாக, இத்தாலியின் ஸ்ட்ரம்பெல்லி 1963இல் வகுத்த முறையை இன்றும் கையாள்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில் அது நடக்கிறது. நோயாளியின் கோரைப் பல்லை வேரும் எலும்புமாக எடுத்து, அதில் துளையிட்டுப் பிளாஸ்டிக் ஒளிக்குழலைப் பதித்து, சில மாதம் கன்னத்துத் தோலுக்கடியில் வைத்து இரத்த ஓட்டம் பிடிக்கச் செய்து, பிறகு கன்னத்தின் உட்சவ்வால் போர்த்திய கண்ணில் பொருத்துகிறார்கள். பல்லும் எலும்பும் சவ்வும் அவருடையவையே என்பதால் உடல் அவற்றை எதிர்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த எலும்பு கரைகிறதா, கண் அழுத்தம் ஏறுகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.