மாருதி கொண்டுவந்த சத்தம்

1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை எங்கள் பட்டறைக்கு அந்த ‘டக் டக்’ பழக்கமில்லை. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரம் தள்ளி ஓடிய வண்டிகள். சக்கரத்தில் சத்தமென்றால் முதலில் வீல் பேரிங்கைத்தான் சந்தேகிப்போம். வேகம் ஏற ஏற, வண்டு முரல்வதுபோல் இரைச்சலும் ஏறும். எங்கள் மேஸ்திரி காலி ரோட்டில் வண்டியை இடமும் வலமும் மெல்ல ஒடிப்பார். இடப்பக்கம் ஒடிக்கையில் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார். சுழற்றிவிட்டுக் கரகரப்பைக் கேட்பார். காதையும் கையையும் மட்டுமே நம்பிய அந்தத் திறமைக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் பார்க்கவில்லை.

மாருதியை இழுப்பது முன்சக்கரம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது கேட்ட ‘டக் டக்’, எஞ்சின் விசையை முன்சக்கரத்துக்குக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் தேய்ந்ததன் குரல். அந்த ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே புகும், குண்டுகள் தேயும். தொழிலில் எங்களுக்கு அது புதுப்பாடம்.

அடுத்த சர்வீஸில் அந்த ரப்பர் பூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் வருமுன் கிழிசல் தெரிந்தால், பூட்டை மாற்றிப் புது கிரீஸ் வைத்தாலே பெரும்பாலும் போதும்.