'சிரியா': கரை அருகே உடைந்த கப்பல்

ஒப்பந்தக் கூலிகளாய் இந்தியர் கடல் கடந்த வரலாற்றில் பிஜித் தீவுகளுக்குத் தனியிடம் உண்டு. 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுள், கரையை நெருங்கியும் துறை சேராது அழிந்தது 'சிரியா' என்னும் பாய்க்கப்பல்.

1884 மார்ச் 13-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து 497 பயணிகளுடன் அது புறப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கடலையே முன்பு கண்டறியாத வட இந்திய உழவர்கள். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பெருங்கடலைக் கடந்த அக்கப்பல், மே 11-ஆம் நாள் இரவு, விட்டி லெவு தீவின் ரேவா கரையை ஒட்டிய நசிலாய் பவழத் திட்டில் மோதிச் சிக்கியது. அலைகள் அதனை உடைக்க, மக்கள் இரவெல்லாம் உதவியின்றித் தவித்தனர்.

மறுநாள் செய்தி எட்டியதும், மருத்துவரும் அரசு அதிகாரியுமான வில்லியம் மக்கிரிகர் மீட்புக் குழுவுடன் விரைந்தார். கரையோரப் பிஜியர் தம் படகுகளைச் செலுத்தி, மொழியும் முகமும் அறியாத அம்மக்களைக் காத்தனர். எனினும் பயணிகள் 56 பேரும், லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள் மூவரும் மாண்டனர்.

கடலின் சீற்றத்தின்மீது மட்டும் இப்பழியைச் சுமத்துதல் தகாது. கப்பலைச் செலுத்தியதில் நேர்ந்த தவறே இவ்வழிவிற்குக் காரணம் என்பதைப் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது. தலைவனின் சான்றிதழ் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. மாண்டவர்க்கு நேர்ந்த இழப்போ நிலைத்தது. உயிர் பிழைத்தோரும் ஒப்பந்தத்திலிருந்து தப்பவில்லை. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு உழைப்பு அவர்களுக்காகக் காத்திருந்தது.

'சிரியா'வில் வந்தோர் தமிழரல்லர். ஆயினும் 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவரும் அதே தீவுகளுக்கு, அதே ஒப்பந்தத்தின்கீழ்ச் சென்றனர். ஆகவே இது நமக்கும் உரிய வரலாறு.

கூலிகளை எண்ணிக்கையாகவே கணக்கெடுத்த ஆவணங்களுக்கிடையே நாம் மறவாது போற்ற வேண்டியது ஒன்றுண்டு. கூலி பேசாது, குலம் கேளாது, அலையில் இறங்கிக் கைகொடுத்தனர் அம்மண்ணின் மக்கள். புதிய நாட்டில் அடியெடுத்து வைத்த அம்மனிதர்க்கு முதலில் கிடைத்த வரவேற்பு அதுவே.