பாண்டு வாத்தியமும் நம் காதும்

மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் நமக்கு அந்நியமானது என்ற பேச்சு இரண்டு விதமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. நமக்கே ஒரு மகத்தான சங்கீதம் இருக்கும்போது அது எதற்கு என்பது ஒன்று. அதெல்லாம் வசதி படைத்தவர்களின் சமாசாரம் என்பது மற்றது. இரண்டும் சரித்திரத்தைப் பாராமல் சொல்லப்படுபவை. அந்தச் சங்கீதம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதைக் கேட்காமலே விட்டோம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

நான் இருப்பது படப்பையில். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் இந்தச் சாலையில் இன்று ஒரகடம் தொழிற்சாலைகளின் ஷிப்டு பஸ்கள் ஓடுகின்றன. சாலையின் மறுகோடியான வாலாஜாபாத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பெனிப் பட்டாளம் தங்கியிருந்தது. 1806 இல் வேலூர்க் கலகத்தைக் கிளப்பிய அதே புதுத் தலைப்பாகை, வாலாஜாபாத் சிப்பாய்களிடையேயும் அதிருப்தியை உண்டாக்கியது. பட்டாளம் போன இடமெல்லாம் முரசும் ஊதுகுழலும் கூடவே போயின. இந்தப் பக்கத்து ஜனங்கள் ஐரோப்பிய வாத்தியத்தைக் கேட்டிருந்தால், பெரும்பாலும் கவாத்து மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்க வேண்டும். அதிகாரத்தின் சத்தமாகவே அது வந்தது.

அந்தச் சத்தத்தை சங்கீதமாகக் கேட்ட ஒரு காது முத்துஸ்வாமி தீட்சிதருடையது. மணலி முதலியார்களின் ஆதரவில் சென்னைக்கு அருகே குடும்பத்தோடு வாழ்ந்த காலத்தில் அவர் புனித ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியத்தைக் கேட்டதாக மரபு சொல்கிறது. அந்த மெட்டுகளுக்கு அவர் எழுதிய சம்ஸ்கிருத சாகித்தியங்களே நோட்டுஸ்வரங்கள். சுமார் 40 இருக்கும். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டே ஒன்றில் தேவியின் துதியாகிவிடுகிறது. தம்பி பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். மோவாய்க்கடியில் இருந்த வாத்தியம் நாளடைவில் தரைக்கு இறங்கி, நுனி பாதத்தில் ஊன்றி, சுருதி மாறி, கர்நாடக சங்கீதத்தின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது.

அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி. 1798 இல் பட்டத்துக்கு வந்தார். 1799 உடன்படிக்கையில் ராஜ்ய நிர்வாகம் கும்பெனிக்குப் போயிற்று. மிஞ்சியது அரண்மனையும் நூலகமும்தான். அந்த அரண்மனையில் ஒரு மேற்கத்திய பாண்டை வளர்த்தார். ராஜ்யத்தை எடுத்துக்கொண்டவனின் இசையை, ராஜ்யம் போனவன் தன் கூடத்தில் அமர்ந்து ஆராய்கிறான். இதை அடிமைத்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீட்சிதர் எடுத்துக்கொண்டது மெட்டு, அதாவது மேலே போகும் ஒற்றைக் கோடு. அதன் அடியில் மற்ற வாத்தியங்கள் வேறு ஸ்வரங்களை வாசித்து அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு நோட்டுஸ்வரத்தில் இல்லை. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதை அவர் எடுத்தார். பின்னால் வந்தவர்களோ அதைப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடமாக ஒதுக்கிவிட்டார்கள். பீத்தோவன் 1827 இல் இறந்தார். தீட்சிதர் 1835 இல். சமகாலத்தவர்களின் இரண்டு உலகங்கள் ஒரு கணம் உரசிக்கொண்டு விலகியதன் தடயம் இன்று சிறுவர் பாடமாக இருக்கிறது.

விட்டுப்போன அந்தச் சமாசாரத்தை எனக்குப் புரிய வைத்தது ஓபரா. 1786 இல் வியன்னாவில் மேடையேறிய மோட்ஸார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. அதன் இரண்டாம் அங்கத்தின் கடைசி இருபது நிமிஷம் இடைவெளி இல்லாத சங்கீதம். புருஷன் மனைவி சண்டையாக, இரண்டு குரல்களில் தொடங்குகிறது. வேலைக்காரி வந்து மூன்றாகிறது. அவளைக் கட்டப்போகிறவன் வந்து நான்கு; தோட்டக்காரன் புகார் சொல்ல வந்து ஐந்து. அவன் போனபின் வேறு மூவர் வந்து, முடிவில் ஏழு பேர். மூன்று பேர் கலங்குகிறார்கள், நான்கு பேர் கொக்கரிக்கிறார்கள், எல்லாம் ஒரே சமயத்தில். வசன நாடகத்தில் ஏழு பேர் சேர்ந்து பேசினால் சந்தைக்கடை. இங்கே ஏழு மனசும் தனித்தனியே கேட்கிறது. நான் ஒவ்வொரு முறையும் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து அதைக் கேட்டேன். பிறகு பாடகர்களையே விட்டுவிட்டு அடியில் போகும் செல்லோக்களை மட்டும். பாஷை தெரியாதது பெரிய தடையாக இல்லை. மெட்டை மட்டுமே தேடும் பழக்கம்தான் தடையாக இருந்தது.

இந்த மாவட்டத்துக்காரனுக்கு ஓபராவின் குரல் அதிர்ச்சி தரக் கூடாது. மைக் இல்லாத காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடியப் பாடிய தெருக்கூத்துக் குரலும், வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி மைக் இல்லாமலே அரங்கின் கடைசி வரிசைக்குப் போகும் ஓபராக் குரலும் ஒரே தேவையில் பிறந்தவை. ஆனால் கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத்தான் திருப்பிப் பாடுவார்கள். எதிர்க்கட்சிக்காரன் தன் முறைக்குக் காத்திருப்பான்.

அந்தப் பல கோடுகளை நம் காதுக்குள் கொண்டுவந்தது சபாக்கள் அல்ல, சினிமா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறை பயின்ற இளையராஜா, 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் பேருந்துப் பாட்டில் இரண்டு குரல்களை வேறு வேறு வரிகளோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். 1986 இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பில் பாஹைத் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே ஆக்கினார். இங்கே டீக்கடையில் நின்றவர்களும் அதைக் கேட்டார்கள். வசதி படைத்தவர்களின் சமாசாரம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

2025 மார்ச் 8 ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது தமிழகம் பூரித்துப்போனது. பூரிப்பு நியாயமானது. ஆனால் சிம்பொனியில் முதலில் வரும் ஒரு துணுக்கு எந்த வாத்தியத்துக்குக் கைமாறியது, எங்கே தலைகீழானது, எங்கே திரும்பியது என்ற பேச்சு அந்தப் பூரிப்பில் எவ்வளவு இருந்தது? விருதைக் கொண்டாடும் சமூகம் படைப்பைக் கேட்கவேண்டியதில்லை என்று ஆகிவிட்டால், கவாத்து மைதான வேலிக்கு வெளியே நின்றதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இது சங்கீதக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. பக்தின் 1929 இல் தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி எழுதும்போது சங்கீதத்திலிருந்து கடன் வாங்கிய வார்த்தையைத்தான் நாம் 'பல்குரல்' என்று விமர்சனங்களில் புழங்குகிறோம். நாவலுக்கு நாவல் அந்த முத்திரையைக் குத்துகிறோம். எடுத்துப் பார்த்தால் பல பாத்திரங்கள் ஆசிரியரின் ஒரே குரலைத் திருப்பிச் சொல்லும் பின்பாட்டாக இருக்கிறது. ஏழு பேர் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் அமுக்காமல், தங்கள் தங்கள் நியாயத்தோடு ஒலிப்பது எப்படி என்பதைக் காதால் ஒரு தடவையாவது அறிந்தவன் அந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாக எழுத மாட்டான்.