நொச்சி: வேலிச் செடியும் வீரர் பூவும்

பூக்களின் பெருமையைப் பேச முற்படுவோர் தாமரையையும் முல்லையையும் பேசி அமைவர். வேலியோரத்தில் நிற்கும் நொச்சியை நினைப்பார் அரியர். ஆயினும் நம் முன்னோர் ஒரு போர்முறைக்கே இச்செடியின் பெயரை இட்டிருத்தலின், அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராயக் கருதினோம்.

நொச்சி ஓராள் உயரத்திலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரம் வரை வளரும் புதர். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்போல் விரிந்து நிற்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். இதனை மயிலின் காலடியோடு ஒப்பிட்ட பழம்புலவரின் கண் கூரிய கண்ணே. பூ மிகச் சிறியது, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தது, கொத்தாகப் பூப்பது. ஆற்றங்கரை, ஓடைக்கரை, காட்டு விளிம்பு, தரிசு நிலம் ஆகியன இதன் இருப்பிடம். வடசீனத்துக் குளிரில் இலை முழுதும் உதிர்த்து நிற்கும். நம் நாட்டில் நீர் வற்றிய கோடையிலேதான் இலை உதிர்க்கும்.

ஆடும் மாடும் இதன் கசப்பையும் மணத்தையும் விரும்பாமல் விலகிச் செல்லும். போத்து வெட்டி நட்டால் வேரூன்றும். வேர் பக்கக்கன்றுகளை விட்டுக் கரைமண்ணைப் பற்றிக்கொள்ளும். வேலிக்கு வேண்டும் குணங்கள் இவையே அல்லவா? இதனை மனத்திற்கொண்டு இலக்கியத்துள் நுழைவோம்.

தொல்காப்பியம் மதிற்போரை உழிஞைத் திணையென ஒன்றாகவே கூறிற்று. பின்வந்த ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில், மதிலை வளைப்போர்க்கு உழிஞையும் அதனைக் காப்போர்க்கு நொச்சியுமெனப் பிரித்துத் தனித்தனிப் படலம் வகுத்தார். காப்பவன் இப்பூவை ஏன் சூடினான்? வழக்கு என்று கூறி அமைவாரும் உளர். எமக்கு அவ்விடை போதவில்லை.

புறநானூற்றின் 271, 272-ஆம் பாட்டுக்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒளி கிடைக்கிறது. முன்னதைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். இளமகளிர் இடையில் தழையாடையாக அணியக் கண்ட நொச்சியே இன்று வீரன் சூடிய மாலையாய்க் குருதியில் தோய்ந்து கிடக்கிறது. அதனை ஊனென்று மயங்கிப் பருந்தொன்று கவர்ந்து செல்கிறது என்கிறார் அவர். பின்னதைப் பாடிய மோசிசாத்தனாரோ நொச்சியையே முன்னிலைப்படுத்தி, மகளிர் இடையிலும் நகர் காப்போன் தலையிலும் இடம்பெற்ற அதன் பேற்றைப் போற்றுகிறார். இருவரும் வீட்டையும் மதிலையும் ஒரே செடியால் இணைத்தமை காண்க.

குறுந்தொகை 138-ஆம் பாட்டில், ஊரெல்லாம் உறங்கும் நள்ளிரவில், வீட்டருகே நின்ற நொச்சியின் பூ உதிரும் ஓசையைக் கேட்டு விழித்திருந்ததாகத் தோழி கூறுகிறாள். பாடியவர் கொல்லன் அழிசி. பகலெல்லாம் சம்மட்டியின் ஓசையில் இருந்திருக்கக் கூடியவர்க்கு அத்துணை மெல்லிய ஓசை எட்டியதே என்று யாம் வியந்ததுண்டு. நிகண்டுகளும் நொச்சி என்னும் சொல்லுக்கு மதில் என்றும் சிற்றூர் என்றும் பொருள் கூறும். எனவே, ஊர்க்கு முதல் அரண் இவ்வேலியே. கல்மதில் எழுந்த பின்னும் அதனைக் காப்பவன் தன் வீட்டுக் கொல்லையில் நின்ற செடியையே சூடினான் என்பது எம் துணிபு. பகைவன் அவ்வேலியைத் தாண்டினால் இழப்பது எதுவென்பதை அப்பூவே அவனுக்கு உணர்த்தியிருக்கும்.

வடமொழியில் இது சிந்துவாரம், நிர்குண்டி எனப்படும். குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் சிந்துவாரம் என்ற பெயரும் உண்டு. 1563-இல் கோவாவில் அச்சிட்ட தம் நூலில் போர்த்துகேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இதனை நெகுண்டோ என்று குறித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் நூலில் நோசி என்ற நம் பெயரே காணப்படுகிறது. ஆனால் லின்னேயஸ் 1753-இல் வைட்டெக்ஸ் நெகுண்டோ என்று பெயரிட்டமையால் கோவாப் பெயரே நிலைத்தது. வேடிக்கை யாதெனில், வட அமெரிக்க மேப்பிள் மரமொன்றின் இலை இதனை ஒத்திருந்தமையால், அம்மரத்திற்கும் நெகுண்டோ என்ற பெயரை அவரே இட்டார். நொச்சியைக் கண்டறியாத நாட்டில் அதன் பெயர் வழங்குகிறது. கண்டறிந்த நம் பிள்ளைகளோ அதன் பெயரை மறந்து வருகின்றனர்.

இதன் பயன்களை நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். தலைப்பாரத்திற்குத் தழையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பர். வீக்கத்திற்கு வதக்கி ஒத்தடம் இடுவர். பிள்ளை பெற்றவளை அந்நீரில் குளிப்பாட்டுவர். பயறும் கேழ்வரகும் வைத்த பானைகளில் உலர்ந்த தழையைப் போட்டு வண்டு வராமல் காப்பர். மிலாறுகளால் கூடை முடைவதும் உண்டு. மாலையில் தழையைப் புகைத்துக் கொசுவை ஓட்டும் வழக்கம் பழமையானது. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சென்னை மாநகராட்சி கொசுவை ஒழிக்க நொச்சிக் கன்றுகளை வழங்கியது. கன்று வாசலில் நின்றால் மட்டும் கொசு ஓடிவிடாது; புகையிலும் எண்ணெயிலுமே அதன் வலி உள்ளது. எனினும் அதன் பயனாகச் சில தெருக்களிலேனும் நொச்சி மீண்டும் வந்தது.

கம்பிவேலியும் சுற்றுச்சுவரும் பெருகியபின் நம் ஊர்களில் நொச்சிவேலி அருகிவிட்டது. வைக்க விரும்பும் அன்பர்கள் முற்றிய கொம்பில் முழ நீளப் போத்து வெட்டி, ஐப்பசி மழைக்கு முன் பாதியளவு மண்ணுள் இறங்கச் சற்றுச் சாய்த்து நடுக. முதற்கோடையில் மட்டும் நீர் வார்த்தல் வேண்டும்.