லிங்கின் பார்க்

லிங்கின் பார்க் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த மாற்று ராக் இசைக்குழு ஆகும். ராப் பாடலையும் ராக் இசையையும் இணைத்தமைக்காக அறியப்படும் இக்குழு, தன் தொடக்க ஆண்டுகளில் பல நிராகரிப்புகளைச் சந்தித்தது.

தோற்றம்

அகோரா உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மைக் சினோடா, பிராட் டெல்சன், ராபர்ட் போர்டன் ஆகியோர் 1996இல் சீரோ என்ற பெயரில் குழுவைத் தொடங்கினர். பின்னர் ஜோ ஹான், டேவ் ஃபாரெல், பாடகர் மார்க் வேக்ஃபீல்ட் ஆகியோர் இணைந்தனர். முதல் மாதிரிப் பாடல்கள் சினோடாவின் படுக்கையறையில் பதிவு செய்யப்பட்டன. எந்த இசை நிறுவனமும் ஒப்பந்தம் செய்ய முன்வராததால் வேக்ஃபீல்ட் விலகினார். வேறொரு குழுவுடன் இசைப்பயணம் செல்வதற்காக விலகிய ஃபாரெல் பின்னர் திரும்பினார்.

புதிய பாடகர்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வாழ்ந்த செஸ்டர் பென்னிங்டனுக்கு, இசைத்துறை அலுவலர் ஜெஃப் புளூ மாதிரிப் பாடல்களை அனுப்பினார். 1999 மார்ச்சில் பென்னிங்டன் அவற்றுக்குத் தம் குரலைப் பதிந்து அனுப்பிக் குழுவில் சேர்ந்தார்.

பெயரும் முதல் இசைத்தொகுப்பும்

ஹைப்ரிட் தியரி என மாற்றப்பட்ட பெயர், ஹைப்ரிட் என்ற மற்றொரு குழுவின் பெயரை ஒத்திருந்ததால் கைவிடப்பட்டது. சான்டா மோனிகாவிலுள்ள லிங்கன் பார்க் பூங்காவின் பெயர் பரிசீலிக்கப்பட்டது. அப்பெயரில் இணைய முகவரி கிடைக்காததால் எழுத்துகள் மாற்றப்பட்டன. பலமுறை மறுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், புளூ அங்கு பணியில் சேர்ந்த பின்னர், 1999இல் ஒப்பந்தம் செய்தது. கைவிடப்பட்ட பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு 2000 அக்டோபர் 24 அன்று வெளியானது. 2001இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான இசைத்தொகுப்பு அதுவே ஆகும்.